பின் கதவு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இல்லை: புது ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபையரா, வேறு கோளாறா?

நெல்லைப்பயணி:
வணக்கம். என்னுடையது 2015 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனி ஸ்டீரியோவை எடுத்துவிட்டு 9 அங்குல ஆண்ட்ராய்டு செட் போட்டிருக்கிறேன். அப்போதே நான்கு கதவிலும் ஸ்பீக்கரை மாற்றினேன். முன்னால் ட்வீட்டர் (ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வரும் காம்பொனென்ட், பின்னால் ட்வீட்டரும் சேர்ந்தே இருக்கும் 6.5 அங்குல கோஆக்சியல். முன்பக்கம் அருமையாகப் பாடுகிறது. பின் சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை. காதைக் கதவருகே கொண்டுபோனால் சத்தம் வருகிறது, ஆனால் ஒல்லியாக, பேஸ் இல்லாமல்.

இது எனக்கு முக்கியமான விஷயம். அப்பா எப்போதும் பின் சீட்டில்தான் வருவார். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வழி முழுக்க அவருக்குப் பழைய பாட்டு வேண்டும். அவருக்குக் கேட்கிற அளவுக்கு வால்யூமை ஏற்றினால் முன்னால் இருக்கும் எங்களுக்குக் காது வலிக்கிறது. மாட்டிய கடையில் கேட்டால் "செட்டோட பவர் பத்தல, ஆம்ப் போடுங்க" என்கிறார்கள். இன்னொரு கடையில் ஸ்பீக்கரே சரியில்லை, மாற்றுங்கள் என்கிறார்கள். இரண்டுமே பல ஆயிரம் ரூபாய் செலவு. பணத்தைப் போடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கோவை_ரைடர்:
ஆம்ப் போடுங்க ப்ரோ. செட்டின் அட்டையில் 50 வாட்ஸ் × 4 என்று அச்சடித்திருப்பார்கள். அது உச்சத்தில் ஒரு நொடி வரும் கணக்கு. தொடர்ந்து வருவது சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ்தான். அதை வைத்து நான்கு ஸ்பீக்கரை ஓட்டினால் இப்படித்தான் இருக்கும். நல்ல 4 சேனல் ஆம்ப் போட்டால் பின்னாலும் அதிரும்.

ஓம்விதி:
கோவை நண்பர் சொல்லும் வாட்ஸ் கணக்கு சரி. ஆனால் அது இந்தக் கோளாறுக்குப் பதில் இல்லை. பவர் போதவில்லை என்றால் நான்கு ஸ்பீக்கரும் சேர்ந்துதான் சோர்வாகப் பாடும். செட்டுக்குள் நான்கு சேனலையும் ஒரே சிப்தான் ஓட்டுகிறது. முன்னால் அருமையாகப் பாடுகிறது என்கிறார், பின்னால் மட்டும் இல்லை என்கிறார். அப்படியானால் பின்பக்கம் போகும் வழியில் ஏதோ ஒன்று தின்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆம்ப் வைத்தால், அந்தக் கோளாறு ஆம்புக்குப் பின்னாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நெல்லைப்பயணி சார், முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, இக்னிஷனை மட்டும் போட்டு, பின் சீட்டில் நீங்களே உட்காருங்கள். ஓட்டுநர் சீட்டிலிருந்து பின் ஸ்பீக்கரை எடைபோடக் கூடாது. எந்தச் சத்தம் முதலில் காதுக்கு வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் எல்லாமே வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும். 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் ஆய்வில் இதை விரிவாகக் காட்டினார். ஒலி 1 மீட்டர் கடக்க 3 மில்லி நொடி. முன் ஸ்பீக்கர் ஓட்டுநருக்கு அவ்வளவு பக்கம் என்பதால், பின் ஸ்பீக்கர் நன்றாகவே பாடினாலும் அவருக்கு அது இருப்பதாகத் தோன்றாது. இப்படி நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டவர்கள் பலர்.

பின் சீட்டில் உட்கார்ந்ததும் ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிக்கும் செட்டிங்) முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். பேலன்ஸை முழு இடது, முழு வலது, நடு என்று மாற்றி மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதோடு செட்டின் ஆடியோ செட்டிங்கில் பின் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டர் (பேஸை வெட்டிவிடும் அமைப்பு) போட்டிருக்கிறதா, 120, 150 ஹெர்ட்ஸ் என்று ஏதாவது காட்டுகிறதா என்று பாருங்கள். சில செட்களில் பின் அவுட்புட்டையே சப்வூஃபர் என்று மாற்றி வைக்கலாம். பயோனியர் செட்களில் அப்படி ஒரு மெனு உண்டு. அதில் ஃபுல் ரேஞ்ச் என்று இருக்க வேண்டியது சப்வூஃபர் என்று இருந்தால், பின்னால் வெறும் உறுமல் மட்டும் வரும், குரல் வராது. உங்களுக்கு நேர்மாறாக பேஸ்தான் இல்லை, அதனால் ஃபில்டரை முதலில் பாருங்கள்.

பின்சீட்டுக்காரி:
பின்னால் உட்காருகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் காரில் பின் ஸ்பீக்கர் கதவின் அடியில், முழங்காலுக்கும் கீழே இருக்கிறது. அதற்கு முன்னால் என் கால், பிள்ளைகளின் ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில். ட்ரெபிள் நேர்கோட்டில் போகும் சத்தம். பையைத் தாண்டி வராது. பேஸ் எப்படியோ வந்துவிடும், ஆனால் பாடகர் சொல்லும் வார்த்தை தெளிவாக இருக்காது. பையை எடுத்துவிட்டுக் கேட்டாலே வித்தியாசம் தெரியும். உங்கள் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு, துண்டு, பை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறாரா என்று பாருங்கள். உண்மையாகவே கேட்கிறேன், இதையெல்லாம் ஆடியோ கடையில் யாரும் கேட்பதில்லை.

நெல்லைப்பயணி:
அப்பா பக்கத்தில் பை இருப்பது உண்மைதான் அக்கா, ஆனால் பேஸ் வராததற்கு அது காரணமாக இருக்காது போல.

ஓம்விதி சார் சொன்னபடி செய்தேன். ஃபில்டர் ஆஃப், பின்பக்கம் ஃபுல் ரேஞ்ச், லெவல் எல்லாம் நடுவில். ஃபேடரை முழுக்கப் பின்னால் வைத்து வலது மட்டும் கேட்டால் நன்றாகவே இருக்கிறது, பேஸும் வருகிறது. இடது மட்டும் வைத்தால் ஈனமாக இருக்கிறது, பாதிகூட இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் பேலன்ஸை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது, வலது மட்டும் பாடியதைவிடப் பேஸ் குறைகிறது. இரண்டு சேர்ந்தால் கூடத்தானே வேண்டும்? பழைய பாட்டில் இது இன்னும் மோசம். புதுப் பாட்டில் அவ்வளவு தெரியவில்லை.

ஓம்விதி:
நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்று, பின்பக்கம் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஒன்று தள்ளிய காற்றை மற்றது உறிஞ்சிக்கொள்வதால் பேஸ் காணாமல் போகும். ட்ரெபிளின் அலை நீளம் சில சென்டிமீட்டர்தான், அது அங்கங்கே கூடியும் குறைந்தும் சமாளித்துவிடும். 60, 80 ஹெர்ட்ஸ் அலை 4 முதல் 6 மீட்டர் நீளம், உங்கள் காரைவிட அதிகம். அது தப்ப முடியாது.

பழைய பாட்டில் ஏன் மோசம் என்பதற்கும் இதுவே காரணம். அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் மோனோ ஒலிப்பதிவு. இடதிலும் வலதிலும் அச்சுப் பிசகாமல் ஒரே சத்தம். ஒன்றைத் திருப்பினால் இரண்டும் நேருக்கு நேர் அடித்துக்கொண்டு அழிகின்றன. பாடுகிறவரின் குரல்கூட எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாமல் தலைக்குள் சுற்றும். புதுப் பாட்டில் இடதும் வலதும் நிறைய வேறுபடுவதால் அந்த அளவுக்குத் தெரியாது. உங்கள் அப்பா இத்தனை நாள் இந்தக் காரில் கேட்டது அவருடைய பாட்டின் பாதியைத்தான்.

இரண்டாவது, இடது பக்கம் வழியில் எங்கோ ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறது, அல்லது இடது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் கோளாறு. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். செட்டை வெளியே இழுத்து, பின்னால் போகும் கப்ளரை (வயர்களை இணைக்கும் சொக்கெட்) கழற்றிவிடுங்கள். வெளிக்கம்பெனி செட்களில் பொதுவாகப் பச்சையும் பச்சை-கறுப்பும் பின் இடது, ஊதாவும் ஊதா-கறுப்பும் பின் வலது. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது. கோடு போட்டது மைனஸ். கார் பக்க வயரின் நிறம் வேறாக இருக்கும். அதை நம்பிக் குழம்ப வேண்டாம், அடாப்டர் வரை மட்டும் இந்த நிறங்கள்.

கப்ளர் கழன்ற நிலையில், காருக்குப் போகும் பக்கத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், வயர் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஒன்றும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. 1 ஓமுக்கும் கீழே என்றால் ஷார்ட். அதைச் சரி செய்யாமல் செட்டை ஆன் செய்யக் கூடாது. அப்புறம் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை எடுத்து ப்ளஸை ப்ளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கிரில் வழியாக ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. செட்டோடு இணைப்பு இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

பிறகு கப்ளரை மாட்டி, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டவிட்டு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து நான்கு ஜோடியிலும் அளவு எடுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் மேல் ஃப்ரீக்வென்சியில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100. நான்கும் ஒரே வோல்ட் காட்டினால் செட் நிரபராதி.

ஒரு எச்சரிக்கை. இந்த செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் பாடி எர்த் கிடையாது. ப்ளஸ், மைனஸ் இரண்டிலும் பேட்டரி வோல்ட்டில் பாதி, சுமார் 6 வோல்ட் டிசி நிற்கும். எதையும் பாடியில் தொடவிடக் கூடாது. இரண்டு மைனஸையும் சேர்த்து ஒரே வயராக எடுத்த வேலையை எங்காவது பார்த்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

கோவை_ரைடர்:
நல்ல விளக்கம் சார். ஆனால் கம்பெனி வயரே மெல்லியது, அதனால்தான் பின்னால் லாஸ் ஆகிறது என்று எங்கள் ஊரில் எல்லோரும் புது வயர் இழுக்கிறார்கள். அதையும் சேர்த்தே செய்துவிடலாமே?

ஓம்விதி:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 கேஜ் செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்கு 21 ஓம். செட்டிலிருந்து பின் கதவுக்கு 5 மீட்டர் என்று வைத்தால் போகவர 10 மீட்டர், 0.21 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது அரை டெசிபல்கூட இல்லை. காதால் பிடிக்க முடியாது. வயர் இன்னும் கொஞ்சம் மெல்லியதாக இருந்தாலும் ஒரு டெசிபலுக்குள்தான் நிற்கும். நல்ல கம்பெனி வயர் செட்டின் 18 வாட்ஸைத் தாராளமாகத் தாங்கும். கெட்டுப்போன ஒரு ஜாயின்ட் அப்படியில்லை. அது மட்டும் 4 ஓம் காட்டினால் வோல்ட் பாதியாகும், ஸ்பீக்கருக்குப் போகும் பவர் நான்கில் ஒன்றாகும், 6 டெசிபல் காலி. எல்லா வயரையும் மாற்றுகிற செலவில், அந்த ஒரு இடத்தைத் தேடுவது எவ்வளவோ மேல்.

யாழ்வேன்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனங்கள் அதிகம். இந்த இழையைப் படிக்கும் எங்கள் ஊர் ஆட்களுக்காக ஒரு குறிப்பு. டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரண்டு சொக்கெட் இருக்கும். 10 முனை உள்ளதில் மின்சாரமும் முன் ஸ்பீக்கரும் வரும், 6 முனை உள்ளதில் பின் ஸ்பீக்கர் வரும். செட் மாற்றும்போது 6 முனை சரியாக அழுத்திப் பூட்டாவிட்டால் முன்பக்கம் குறை சொல்ல முடியாமல் பாடும், பின்பக்கம் மட்டும் விட்டுவிட்டு வரும். வேன்களில் பின்னால் இருக்கும் ஆட்கள்தான் அதிகம், அதனால் முதலில் அந்தச் சொக்கெட்டைத் தான் பார்ப்பேன்.

நெல்லைப்பயணி:
மச்சானுக்கு எலக்ட்ரிக்கல் வேலை தெரியும். அவரோடு உட்கார்ந்து எல்லாம் அளந்துவிட்டோம். எண்களை அப்படியே தருகிறேன்.

செட்டின் பின்னால் 100 ஹெர்ட்ஸ் டோனில் நான்கு ஜோடியும் 2.8 வோல்ட். அதாவது செட்டில் குறையில்லை.

காருக்குப் போகும் பக்கத்தில் ஓம் பார்த்தபோது முன் இரண்டும், பின் வலதும் 3.9. பின் இடது 7.8. கதவின் டோர் பேடைக் கழற்றி ஸ்பீக்கர் முனையிலேயே வைத்துப் பார்த்தால் பின் இரண்டும் 3.6. ஆகவே இடது ஸ்பீக்கரின் கம்பிச் சுருளில் பிரச்சினை இல்லை, வழியில்தான் 4 ஓமுக்கு மேல் தின்கிறது. கதவைப் பாதி மூடும்போது மீட்டர் 12 வரை ஏறி இறங்கியது. ஸ்பீக்கர் முனையில் வோல்ட் வலது 2.6, இடது 1.3.

பேட்டரி வைத்தபோது இடது கோன் வெளியே வந்தது, வலது கோன் உள்ளே போனது. வலது கதவைத் திறந்து பார்த்தால் கம்பெனி கப்ளரை வெட்டிவிட்டு நேரடியாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் வயர் செருகும் தகடு இரண்டு, ஒன்று அகலம், ஒன்று ஒல்லி. ப்ளஸ் வயர் ஒல்லியானதில் இருக்கிறது.

கதவை அசைக்கும்போது மீட்டர் ஆடுவதால் கதவுக்கும் பில்லருக்கும் (கதவு மாட்டியிருக்கும் தூண்) நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள்தான் என்று மச்சான் சொல்கிறார். எப்படிச் சரி செய்வது?

ஓம்விதி:
மச்சான் சரியாகப் பிடித்துவிட்டார். வலதில் அகலமான தகடுதான் ப்ளஸ், மாற்றிச் செருகினால் அது முடிந்தது. கிரிம்ப் லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகத் துண்டு) போட்டுச் செருகுங்கள், முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

இடதில் 2.8க்குப் பதில் 1.3 வோல்ட் என்றால் கிடைக்க வேண்டிய பவரில் நான்கில் ஒரு பங்குகூடப் போகவில்லை. அதன் மேல் வலதில் போலாரிட்டியும் (ப்ளஸ் மைனஸ்) மாறியதால் இருந்த பேஸும் போயிற்று.

அந்த ரப்பர் குழாய்க்குள் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வயர் வளைகிறது. செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் இரண்டு மூன்று இழை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மேல் உறை முழுசாகத் தெரிவதால் பார்த்தால் தெரியாது. இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் அறுந்த இடம் ரப்பர் போல நீளும். அந்தப் பின் கதவின் பவர் விண்டோவோ சென்ட்ரல் லாக்கோ எப்போதாவது நின்று நின்று வேலை செய்ததா? அதே குழாயில்தான் அவையும் வருகின்றன. ஒரு வயர் அறுந்திருந்தால் பக்கத்து வயர்களையும் சோதித்துவிடுங்கள்.

சரி செய்யும்போது குழாய்க்குள் ஜாயின்ட் போடாதீர்கள். சால்டர் வைத்த இடம் விறைப்பாகிவிடும். அதன் ஓரத்தில் மறுபடி அறுந்துபோகும். குழாயைவிட நீளமான புது வயர்த் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு ஜாயின்ட் கதவுக்குள்ளும் இன்னொன்று பில்லருக்குள்ளும் வரும்படி போடுங்கள். வளையும் பகுதி முழுக்க ஒரே வயர். இழைகள் நிறையவும் மெல்லியதாகவும் இருக்கும் வயர் வாங்குங்கள், சிலிக்கான் உறை போட்டது நன்றாக வளையும். ஜாயின்டுக்கு உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு நீளத்தை முடிவு செய்யுங்கள், மூடிய நிலையில் அளந்தால் குட்டையாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பின் கதவு வயர் நடு பில்லர் வழியாகத்தான் போகும். அந்தப் பில்லரின் அடியில் பல கார்களில் முன் சீட் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் இருக்கிறது. அது வெடிமருந்தில் வேலை செய்வது. கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் மேலே அதன் வயரும் போகும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் குழாய் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், மீட்டர் முனையை அதில் வைக்கவே கூடாது. பேட்டரியின் மைனஸைக் கழற்றி, கார் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார் மறுபடி ஓடத் தொடங்கும்போது ஏர்பேக் விளக்கு வழக்கம்போல அணைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரன்:
தூத்துக்குடிக்காரன் நான். டோர் பேடைத் திறந்திருக்கும் இந்த நேரத்தில் இன்னும் சிலவற்றையும் பாருங்கள். எங்கள் உப்புக் காற்றில் பின் ஸ்பீக்கர் சாவதற்கு வயரைவிடத் தண்ணீர்தான் காரணம். கண்ணாடியின் வெளிப்பக்க பீடிங் வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். மண் அடைத்தால் தண்ணீர் நிற்கும். கதவைத் திறக்கும்போது உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் ஒரு ஒயரை வைத்து ஓட்டைகளைக் குத்திவிடுங்கள்.

கதவின் இரும்புக்கும் டோர் பேடுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். தண்ணீரைத் தடுப்பது மட்டும் இல்லை, அது இல்லாவிட்டால் பேஸும் போகும். ஸ்பீக்கரின் முன்பக்கத்துக் காற்றும் பின்பக்கத்துக் காற்றும் எதிரெதிர் திசையில் அசைகின்றன. நடுவில் ஓட்டை இருந்தால் இரண்டும் கலந்து பேஸ் அழிந்துவிடும். போலாரிட்டி மாறினால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் நடப்பது, இங்கே ஒரே ஸ்பீக்கருக்குள் நடக்கிறது. புது ஸ்பீக்கர் கம்பெனி ஓட்டையில் அப்படியே உட்காராது, பிளாஸ்டிக் ரிங் வைத்திருப்பார்கள். ரிங்குக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டினாலே போதும். பூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் ஷீட்) கொஞ்சம் வாங்கி பெரிய ஓட்டைகளை மூடினால் இன்னும் நல்லது, ஆனால் அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டையை மூடிவிடாதீர்கள்.

நெல்லைப்பயணி:
வேலை முடிந்தது. குழாய்க்குள் வயரை இழுத்ததும் ஓம்விதி சார் சொன்ன மாதிரியே ஒரு இடம் நீண்டது. உறையைக் கீறிப் பார்த்தால் பச்சை பூத்த இரண்டு இழை மட்டும் மிச்சம். பவர் விண்டோ வயரிலும் உறை விரிசல் கண்டிருந்தது, அதையும் மாற்றினோம். வலதில் ப்ளஸ் மைனஸ் மாற்றியாயிற்று. இரண்டு கதவிலும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தது, ஃபோம் பட்டை ஒட்டி, ஷீட்டையும் மறுபடி ஒட்டினோம்.

இப்போது செட்டிலிருந்து பார்த்தால் பின் இரண்டும் 3.8 ஓம். கதவை ஆட்டினாலும் மீட்டர் அசையவில்லை. நடுவில் உட்கார்ந்து மோனோ பாட்டு கேட்டால் குரல் நேர் முன்னாலிருந்து வருகிறது, மிருதங்கத்தின் தொப்பி காதில் விழுகிறது. ஃபேடரைப் பின்பக்கம் மூன்று படி தள்ளினால் அப்பாவுக்கும் எங்களுக்கும் ஒரே வால்யூம் போதுகிறது. ஆன செலவு வயர், ஸ்லீவ், ஃபோம் பட்டை மட்டும்தான். இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி.

ஒரே ஒரு கேள்வி. நான்கு வழிச் சாலையில் 100இல் போகும்போது பேஸ் மறுபடி குறைகிற மாதிரி இருக்கிறது. இப்போதாவது ஆம்ப் தேவையா?

ஓம்விதி:
மகிழ்ச்சி. 100இல் போகும்போது டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஃப்ரீக்வென்சியில்தான். அது பேஸை மூடிவிடுகிறது, ஸ்பீக்கர் குறைவதில்லை. செட்டிலேயே வேகத்துக்கு ஏற்ப வால்யூம் ஏறும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஓரிரு படி ஏற்றலாம்.

ஆம்ப் விஷயத்தில் எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். சேனலுக்கு 18 வாட்ஸிலிருந்து 60க்குப் போனால் சுமார் 5 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காமல் சென்சிடிவிட்டியை (ஒரே பவருக்கு எத்தனை டெசிபல் சத்தம் தருகிறது என்ற அளவு) பாருங்கள். 92 டெசிபல் ஸ்பீக்கர் 18 வாட்ஸில் தரும் சத்தத்துக்கு 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 45 வாட்ஸ் வேண்டும். ஆம்ப் இல்லாத காருக்கு இதுதான் முக்கியமான எண்.

கோவை_ரைடர்:
அதை ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனாலும் வால்யூமை மேலே ஏற்றும்போது செட்டின் சிப் கத்தத் தொடங்கும், ட்ரெபிள் கரகரக்கும். ஆம்ப் போட்டால் அந்த உயரத்திலும் சுத்தமாகப் பாடும், அதற்காகவே நான் போடச் சொல்வேன். போடுவதாக இருந்தால் பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஆம்ப் பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. நடுவில் வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியும்படி போல்ட் போடுங்கள். ஆம்பில் இருக்கும் கெயின் நாபை (செட்டின் அவுட்புட்டுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்துவது) வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பாதீர்கள். செட்டின் வால்யூமை முக்காலுக்கு வைத்து, கரகரப்பு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கெயினை நிறுத்துங்கள்.

ஓம்விதி:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கோளாறு தீர்ந்த காரில் ஆம்ப் நன்றாகவே உதவும்.

சேலத்து_செடான்:
எல்லாம் படித்தேன், மிகவும் பயன். என் செடானில் பின் கண்ணாடிக்குக் கீழே பார்சல் ட்ரேயில் 6×9 ஓவல் ஸ்பீக்கர், பழசு. ஒரு பக்கம் சத்தம் குறைவு, பேஸ் வரும் இடத்தில் கரகரவென்று உரசுகிறது. ஓம் பார்த்தேன், 3.5 காட்டுகிறது. கதவு இல்லாத இடம், வயர் வளைய வாய்ப்பும் இல்லை. இங்கே எதைச் சந்தேகப்படுவது?

ஓம்விதி:
உங்களுடையதில் ஸ்பீக்கரையே சந்தேகப்படலாம். கம்பிச் சுருள் அறுந்திருக்காது, அதனால்தான் ஓம் சரியாக இருக்கிறது. பின் கண்ணாடி வழியாக நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடம் அது. கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமாக இருந்தால் சூட்டிலும் ஈரத்திலும் பொடிந்துவிடும். கிரில்லை எடுத்து விளிம்பை விரலால் லேசாகத் தொடுங்கள், மாவாக உதிர்ந்தால் முடிந்தது. உதிரவில்லை என்றால் கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து, ஒரே சீராக மெதுவாக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. மணல் உரசுகிற மாதிரி கேட்டால் கம்பிச் சுருள் சாய்ந்து காந்தத்தில் உரசுகிறது, அதைச் சரி செய்ய முடியாது, ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தமாக இருக்கும். ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதும் மாட்டும் முன் அகலமான தகடு எது என்று மாட்டுகிறவரிடம் காட்டிவிடுங்கள்.

சேலத்து_செடான்:
தொட்டதும் உதிர்ந்துவிட்டது சார். ரப்பர் விளிம்பு ஜோடிக்குச் சொல்லிவிட்டேன், வந்ததும் பேட்டரி வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுகிறேன்.